செத்துப்போன டிரம்மரின் தம்பி

(கோபிசெட்டிபாளையத்தில் ஒரு திரையிடலுக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, நண்பர்களே, முன்வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் என் மைத்துனரே, வணக்கம்.

'தி ரிட்டர்ன் ஆஃப் ஸ்பைனல் டாப்' படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் வந்து, "இந்தக் குழுவின் பழைய பாட்டெல்லாம் எங்கே கிடைக்குமுங்க?" என்று கேட்டார். ஸ்பைனல் டாப் என்று ஒரு குழுவே கிடையாது, மூன்று நடிகர்கள் சேர்ந்து கட்டிய கதை என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. பாட்டு கிடைக்கும் என்றேன். அவருக்குக் குழப்பமாகிவிட்டது. இந்த இரண்டு பதிலும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்பதைத்தான் இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் ராப் ரைனர் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' என்று முதல் படம் எடுத்தார். செல்வாக்கு சரிந்துகொண்டிருக்கும் ஒரு பிரிட்டிஷ் ராக் குழுவோடு அமெரிக்கச் சுற்றுப்பயணம் போய் எடுத்த ஆவணப்படம் என்பது அதன் பாவனை. குழுவில் மைக்கேல் மெக்கீன், கிறிஸ்டோபர் கெஸ்ட், ஹாரி ஷியரர். வசனத்தில் பெரும்பகுதி அந்தந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசியது. மேடைக்குப் போகும் வழி தெரியாமல் அரங்கத்தின் அடித்தளத்தில் சுற்றுகிறார்கள். ஒரு பாட்டுக்கு, இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹென்ஜின் கல்தூணைச் செய்யச் சொல்லி, காகிதக் கைக்குட்டையில் அளவு எழுதித் தருகிறார்கள். 18 அடி என்று எழுத வேண்டியவர் ஒரு கோடு அதிகமாகப் போட்டுவிட, 18 அங்குலத்தில் தூண் வந்து இறங்குகிறது. கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடிக்கு ஒரு கோடு, அங்குலத்துக்கு இரண்டு. அந்த ஒரு கோட்டால் எத்தனை வேலை திரும்பி வந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

முக்கியமான விஷயம், படத்தில் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை. தன் ஆம்ப்ளிஃபயரின் திருகு பத்தோடு நிற்காமல் பதினொன்று வரை போகும் என்று கிட்டார்க்காரர் விளக்குகிறார். பத்தையே இன்னும் சத்தமாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறார்கள். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, இது பதினொன்று வரை போகும் என்று திரும்பவும் சொல்கிறார். அந்த முகத்தை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம் அல்லவா? நம் ஊர்க் குசும்புக்காரரின் முகம் அது. கோயம்புத்தூர்க் குசும்புக்கு உரத்த சிரிப்பு ஆகாது. மரியாதை குறையக் கூடாது, 'ங்க' விடுபடக் கூடாது, அடி மட்டும் சரியான இடத்தில் விழ வேண்டும்.

என் மீது விழுந்த ஓர் அடியைச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் காங்கோ வாசித்தேன். மாரியம்மன் நோம்பி சாட்டினால் போதும், எங்களுக்குக் கை நிறைய மேடை. ஒரு ஊரில் கம்பம் ஆடி முடித்த கூட்டம் அப்படியே எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தது. நாலாவது பாட்டின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் போட்டு மீண்டும் தொடங்கிப் பதினெட்டுப் பாட்டு வாசித்தோம். முடிந்ததும் ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் நன்றாக இருந்ததுங்க தம்பி. அதிலும் அந்த நாலாவது பாட்டு இருக்கிறதே, ரொம்ப அருமைங்க" என்றார். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் மைக் செட்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய ஆம்ப்ளிஃபயரின் திருகில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருப்பார். வீட்டுக்காரம்மாவிடம் கடன் வாங்கிய பூச்சு. அந்தப் புள்ளியைத் தாண்டினால் மரத்தில் கட்டியிருக்கும் குழாய் கிழிந்துவிடும் என்பார். எங்கள் பாடகர் நேரம் பார்த்துத் திருகுவார், அவர் வந்து இறக்குவார். இரவெல்லாம் இதே வேலை. பதினொன்று வரை போகும் திருகை முதலில் திரையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புக்கு முன்னால் அந்தச் சிவப்புப் புள்ளிதான் நினைவுக்கு வந்தது.

இனி, இன்று நாம் பார்த்த படத்துக்கு வருகிறேன். 1992-இல் அந்த மூவரும் பொய்க் குழுவை மறுபடியும் கூட்டி, பாட்டுத் தொகுப்பு வெளியிட்டு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரியே செய்துவிட்டார்கள். அந்தக் கச்சேரிதான் இந்தப் படம். நடுநடுவே பேட்டிகள் வருகின்றன. முதல் படத்தை எடுத்தவர் தங்களைக் கேவலப்படுத்திவிட்டார் என்று குழுவுக்கு மனத்தாங்கல். இவர்களிடம் டிரம்ஸ் வாசிப்பவர்கள் எவரும் நிலைப்பதில்லை. ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போவார்கள். முதல் படத்தின் முடிவில் ஒருவர் மேடையிலேயே வெடித்துப்போனார். இதில் அந்த இடத்தில் வந்து உட்கார்வது அவருடைய இரட்டைத் தம்பி. இரண்டு பேரும் ஒரே ஆள், ஆர்.ஜே. பார்னெல். வெள்ளைக்காரர்களுக்கு இது பெரிய நகைச்சுவையாக இருக்கலாம். இடைவேளைக்கு முன் அண்ணன் செத்தால் இடைவேளைக்குப் பின் தம்பி வருவான் என்று நாம் டிக்கெட் எடுக்கும்போதே கணக்குப் போட்டு வைத்திருப்போம்.

கச்சேரிக் காட்சியில் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே இருப்பவர்கள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள். பாட்டு முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். கேலிக்காக எழுதிய வரிகளைத் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். மேடையில் இருப்பவர்களும் கருவிகளை வெறுமனே பிடித்துக்கொண்டு நடிக்கவில்லை. அவர்களே பாடுகிறார்கள், அவர்களே வாசிக்கிறார்கள். சுருதி எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவனால்தான் அதை அளவாகத் தவறவிட முடியும். தெரியாதவன் தவறவிட்டால் அது நாங்கள் வாசித்த கச்சேரி.

இதே மூவர் இன்னொரு பொய்க் குழுவும் வைத்திருந்தார்கள். அது நாட்டுப்புறப் பாட்டுக் குழு. ஸ்பைனல் டாப் மேடை ஏறும் முன் சில ஊர்களில் அந்தக் குழுவாக வேடம் மாற்றி வந்து பாடினார்கள். ஆள் அடையாளம் தெரியாத ரசிகர்கள், 'இறங்குங்கள், எங்கள் குழுவை வரச் சொல்லுங்கள்' என்கிற தோரணையில் கூச்சல் போட்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இந்த ஊரில் படப்பிடிப்புகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். தடப்பள்ளி வாய்க்கால் கரையில் அட்டையிலும் சாக்கிலும் கோயில் கட்டுவார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் வெறும் சவுக்குக் கம்பு. அதைப் பார்த்துவிட்டு முன்பக்கம் வந்து செருப்பைக் கழற்றிக் கும்பிட்டவர்களும் உண்டு. நானும் ஒருமுறை கழற்றினேன். அன்று தேர்வு முடிவு வரும் நாள்.

2025-இல் ஸ்பைனல் டாப் மூவரும் இன்னொரு படத்துக்காக மறுபடியும் கூடினார்கள். கதைப்படி ஒப்பந்தத்தில் ஒரு கச்சேரி பாக்கி. மூவரில் இருவர் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள், ஷியரர் எண்பதையும் தாண்டிவிட்டார். 1984-இல் கிழட்டு ராக் இசைக்காரர்களைக் கேலி செய்தபோது அவர்களில் எவருக்கும் அவ்வளவு வயதாகவில்லை.

எங்கள் குழுவும் இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கூடியது. கீபோர்டு வாசித்தவரின் மகள் திருமண வரவேற்பு. ஒத்திகை ஒரு கடையின் மாடியில். சுருதியை அரைக் கட்டை இறக்கலாம் என்று நான் சொன்னதற்குப் பாடகர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு கட்டை இறக்கிக்கொண்டு வந்தார். மைக் செட்காரர் காலமாகிவிட்டார். அவர் மகன் கையகலக் கண்ணாடிப் பலகையில் விரலால் தடவித் தடவிச் சத்தத்தை ஏற்றி இறக்கினான். அதில் புள்ளி வைக்க இடமில்லை.

மண்டபத்தில் மூன்று பாட்டு நன்றாகப் போனது. நாலாவது தொடங்கியபோது பந்தி தயார் என்று யாரோ சொல்ல, கூட்டம் மொத்தமும் எழுந்து கீழே போய்விட்டது. எதிரில் நாற்காலிகளும் தூங்கிப்போன ஒரு குழந்தையும் மட்டும். நிறுத்தலாமா என்று பாடகரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஐந்தாவது, ஆறாவது என்று போய்க்கொண்டே இருந்தது. வெற்றிலையோடு மேலே ஏறி வந்த ஒரு பெரியவர் எங்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, மேடையோரம் வந்து மெதுவாகச் சொன்னார்:

"போய்ச் சாப்பிட்டுவிட்டு வாங்க தம்பி. பாட்டை யாரும் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டாங்க."