தோற்றவர் கையில் கரண்டி

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி இந்த அவையைச் சிரிக்க வைத்த எதிரணித் தலைவர் அவர்களே, இரவுச் சாப்பாடு தாமதமாவதைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரம்பூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நண்பர்களுக்குள் கட்டும் கால்பந்துப் பந்தயத்தில் தோற்றவர் ஓட்டல் விருந்துக்குப் பணம் கட்டுவது சிறப்பா, தம் கையால் சமைத்துப் பரிமாறுவது சிறப்பா என்பது இன்றைய தலைப்பு. சமைத்துப் பரிமாறுவதே சிறப்பு என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். பணம் என்றால் கணக்கு அன்றே தீர்ந்துவிடும் என்றார். சமைக்கத் தெரியாதவர் சமைத்தால் தண்டனை வென்றவருக்குத்தான் என்றார், அவை கைதட்டியது. கடைசியாக, தோற்பவர் கணவர், ஆனால் சமைப்பவர் மனைவி என்றார். அதற்குப் பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டலில் கொஞ்சம் கோபமும் கலந்திருந்ததைக் கவனித்தேன். அந்த மூன்றாவது வாதம்தான் கனமானது. ஆகவே அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் நடுவர் மணியை அடித்துவிட மாட்டார் என்று நம்புகிறேன். கால்பந்து நடுவரைப் போல இவரிடம் மஞ்சள் அட்டை இல்லை என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

கணக்கு அன்றே தீர்ந்துவிடும் என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். பணத்தில் கட்டிய பந்தயம் அன்றே தீர்ந்ததாக வரலாறு உண்டா? நூறு ரூபாய் தோற்றவர், அடுத்த ஆட்டத்தில் அதை மீட்டுவிடலாம் என்று இருநூறு கட்டுவார். இருநூறு போனால் நானூறு கட்டுவார். நானூறும் போன பிறகு நண்பர்கள் குழுவின் தகவல்களுக்குப் பதில் அனுப்புவதை நிறுத்திவிடுவார். எதிரணித் தலைவர் வள்ளுவரின் சூது அதிகாரத்தைச் சொல்லி எங்களை எச்சரித்தார். நானும் அதே அதிகாரத்துக்கே அவரை அழைக்கிறேன். சூதைக் கைக்கொண்டவரிடம் ஐந்து பொருள்கள் சேரமாட்டா என்று வள்ளுவர் அங்கே பட்டியல் போடுகிறார்: உடை, செல்வம், ஊண், ஒளி, கல்வி. மூன்றாவதாக நிற்கும் ஊணைக் கவனியுங்கள். சூதாடியின் வீட்டிலிருந்து முதலில் விலகிப் போகிறவற்றுள் சோறும் ஒன்று. எங்கள் பந்தயத்திலோ, தோற்றவர் வீட்டில்தான் அன்று பெரிய பானை ஏறுகிறது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2023இல் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் பார்த்துப் பயந்தது பணத்தைத்தானே அன்றி சாம்பாரை அல்லவே!

இதன் உட்பொருள் எளியது. பணப் பந்தயத்தை இரட்டிப்பாக்க ஓர் எண்ணைச் சொன்னால் போதும்; வாய்க்கு அது பாரமாகத் தெரியாது. சமையல் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் அரைக் கிலோவுக்குப் பதிலாக ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். கண்ணும் விரலும் முதுகும் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடாது. இயற்கையாகவே உச்சவரம்பு அமைந்த பந்தயம் இது ஒன்றுதான்.

அந்த உச்சவரம்பு எங்கே இருக்கிறது என்பதை எங்கள் குழு நேரிலேயே கண்டறிந்தது. எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார், பிரேசிலின் பிடிவாதமான பக்தர். 2002இல் பிரேசில் கோப்பையை வென்ற நாளிலிருந்து, ஒவ்வொரு உலகக் கோப்பையிலும் பிரேசிலின் மேல் பந்தயம் கட்டுவதை நேர்த்திக்கடனாக வைத்திருக்கிறார். 2006இல் பிரான்சிடம் ஒன்றுக்குச் சுழியம் என்று பிரேசில் தோற்றது. நண்பர் தயிர் சாதம் செய்தார். அதைச் சமையல் என்று ஏற்கலாமா என்ற சர்ச்சை இன்றும் நிலுவையில் இருக்கிறது. 2010இல் நெதர்லாந்திடம் தோற்றபோது ரசம் வைத்தார். ரசத்தைக் கொதிக்க விடக் கூடாது, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும் என்ற செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை. ஆக, எதிரணியின் இரண்டாவது வாதத்துக்கு அன்று ஒரு சாட்சி இருந்தார் என்பதை மறுக்க மாட்டேன்.

பிறகு வந்தது 2014. அந்த ஆண்டு ஒரு புது விதியை நாங்களே வகுத்துக்கொண்டோம்: எத்தனை கோல் வித்தியாசத்தில் தோற்கிறாரோ, சோறு குழம்புக்கு மேல் அத்தனை தொடுகறிகளை அவர் செய்ய வேண்டும். கால்பந்தில் வித்தியாசம் பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்பதால் யாரும் எதிர்க்கவில்லை. அரையிறுதியில் பிரேசிலும் ஜெர்மனியும் மோதின. இந்திய நேரம் நள்ளிரவு ஒன்றரை மணி. 23ஆவது நிமிடம் தொடங்கி 29ஆவது நிமிடத்துக்குள் ஜெர்மனி நான்கு கோல் அடித்தது. தேநீர் போட எழுந்து போனவர் திரும்பி வந்தபோது, பழைய கோலையே மறுபடி மறுபடி காட்டுகிறார்கள் என்று நினைத்தார். இடைவேளையில் ஐந்துக்குச் சுழியம். அதற்குள் நண்பர் தாளும் பேனாவும் எடுத்துக் காய்கறிப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார். ஏழுக்குச் சுழியம் என்று நின்ற ஆட்டத்தில் 90ஆவது நிமிடத்தில் பிரேசிலின் ஆஸ்கார் ஒரு கோல் அடித்தார். அந்தக் கோலால் பிரேசில் நாட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. பெரம்பூரில் ஒரு மனிதருக்கு ஒரு பொரியல் மிச்சமானது.

மீதி ஆறு இருந்தனவே! இறுதியாட்டத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் அடுப்பைப் பற்ற வைத்தார். இரண்டே பர்னர் உள்ள அடுப்பு. ஒன்றில் சோறும் சாம்பாரும் மாறி மாறி ஏற, மற்றொன்றில் அவரைக்காய், முட்டைக்கோஸ், பீட்ரூட், வாழைக்காய், உருளைக்கிழங்கு, கீரை என்று வரிசை காத்து நின்றது. நண்பகல் தாண்டி இலை போட்டபோது முதலில் செய்த பொரியல் ஆறிப் போயிருந்தது, கடைசியில் செய்த கீரைக்கு உப்பு விடுபட்டிருந்தது. ஆனாலும் அந்த ஆறு தொடுகறியும் அந்த இலையும் எங்கள் எல்லோருக்கும் இன்றுவரை வரிசை மாறாமல் நினைவிருக்கின்றன. அதே ஆண்டு வேறொரு பந்தயத்தில் தோற்றவர் பணம் கட்டிய ஓட்டலில் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால், ஒருவராலும் சொல்ல முடியாது. அன்று மாலையே விதியைத் திருத்தி, தொடுகறி மூன்றுக்கு மேல் கூடாது என்று தீர்மானம் போட்டோம். பணப் பந்தயம் கட்டுகிறவர்கள் தாமாகவே கூடி உச்சவரம்பு போட்ட கதை ஏதேனும் இருந்தால் எதிரணி எழுந்து சொல்லட்டும்.

காசில்லாத பந்தயம்தான் நினைவில் நிற்கும் என்பதற்கு இங்கிலாந்திலும் ஒரு சான்று உண்டு. 2015-16 பருவத்தில் லெஸ்டர் சிட்டி அணி அந்நாட்டுக் கால்பந்தின் முதல்தரப் போட்டியான பிரீமியர் லீக்கை வெல்லும் என்று கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகப் பந்தய நிறுவனங்கள் அறிவித்திருந்தன. அந்த அளவுக்கு அது நடக்காத காரியம் என்று நம்பினார்கள். அந்த அணியில் முன்பு ஆடிய கேரி லினேகர், லெஸ்டர் வென்றால் அடுத்த பருவத்தின் முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சியை உள்ளாடையோடு நடத்துவேன் என்று வாக்குக் கொடுத்தார். லெஸ்டர் வென்றது, 2016 ஆகஸ்டில் அவரும் சொன்னபடியே வந்து அமர்ந்தார். அந்த நிறுவனங்களிடம் பணம் வாங்கிய யாருடைய பெயராவது இந்த அவையில் ஒருவருக்குத் தெரியுமா? லினேகரின் கோலம் உலகத்துக்கே தெரியும். எங்கள் குழுவில் அந்த அளவுக்கு யாரும் துணியவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போவதோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி, சமைக்கத் தெரியாதவர் சமைத்தால் என்ன ஆகும் என்ற வாதத்துக்கு வருகிறேன். முதல் தோல்வியில் தயிர் சாதம் என்பது உண்மை. ஆனால் பிரேசில் அத்தோடு நிறுத்தவில்லையே! 2018இல் பெல்ஜியத்திடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. அந்த முறை நண்பர் பருப்பை மலர வேகவைத்து, புளியின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட்ட பிறகே பருப்பைச் சேர்த்து, நாக்குக்கு ஒப்பும் சாம்பார் வைத்தார். 2022 டிசம்பர் 9இல் குரோஷியாவோடு ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, பெனால்டியில் நான்குக்கு இரண்டு என்று பிரேசில் வெளியேறியது. ஆட்டக் கணக்கில் கோல் வித்தியாசம் சுழியம் என்பதால் தாம் எந்தத் தொடுகறியும் செய்ய வேண்டியதில்லை என்று நண்பர் அரை மணி நேரம் வாதாடினார். சட்டம் படித்த ஒருவர் அவருக்குத் துணை நின்றார். வாதத்தில் வென்ற பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளிக்கரைசல் கொதித்து எண்ணெய் மேலே பிரிந்த பிறகே மீனைப் போட்டு, அதற்கப்புறம் கரண்டியால் கிளறாமல் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றி இறக்கினார். மீன் உடையவில்லை. யாரும் கேட்காமலே செய்த குழம்பு அது. சமைக்கத் தெரியாதவரை ஓட்டலுக்கு அனுப்பினால் அவர் கடைசிவரை சமைக்கத் தெரியாதவராகவே இருப்பார். பிரேசிலை நம்பி அடுப்படிக்கு அனுப்பினால் நான்கு உலகக் கோப்பைகளைத் தாண்டியாவது தேறிவிடுவார்.

அந்த ஞாயிறன்று இன்னொன்றும் நடந்தது. தோற்றவர் வீட்டில் அத்தனை பேரும் விருந்தாளிகளாக அமர்ந்திருந்தோம். அவர் பரிமாறப் பரிமாற நாங்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். ஓட்டலில் தோற்றவர் பணப்பையைத் திறக்கும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவரும் அந்த இரண்டு நிமிடம் யாரையும் பார்ப்பதில்லை. இங்கே தோற்றவரே விருந்து படைப்பவர். அவர் சோறு போட்டால்தான் வென்றவருக்கு வெற்றி. கேலி செய்தவர் இலையில் அப்பளம் வராது.

மூன்றாவது வாதம்: தோற்பது ஐயா, சமைப்பது அம்மா. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நண்பர்களை அழைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, உள்ளே திரும்பி, ஏழு பேருக்குச் சோறு வை என்று சொல்லிவிட்டு ஆட்டம் பார்க்க உட்காருகிறவர் பந்தயத்தில் தோற்றவர் அல்லர். வேறொருவரைத் தோற்க வைத்தவர். ஆகவேதான் எங்கள் தலைப்பிலேயே தம் கையால் என்ற சொல் இருக்கிறது. எங்கள் குழுவின் விதிகளைக் கேளுங்கள். சந்தைக்குப் போவது, நறுக்குவது, குக்கர் விசிலை எண்ணுவது, பரிமாறுவது, கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது வரை எல்லாம் தோற்றவர் பொறுப்பு. அம்மாவிடமோ மனைவியிடமோ அளவு கேட்கலாம். அவர்கள் கூடத்தில் இருந்தபடியே பதில் சொல்லலாம். கரண்டியை அவர்கள் தொட்டுவிட்டால் ஹேண்ட்பால், அதாவது ஆட்டத்தில் பந்தைக் கையால் தொட்டதைப் போன்ற தவறு. அதற்குத் தண்டனை, மறுநாள் காலைச் சமையலும் தோற்றவரே. பெருங்காய டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்பதற்கு மட்டும் தண்டனை இல்லை. அந்தக் கேள்வியையும் தண்டித்தால் எங்களில் பாதிப் பேர் சமையலையே தொடங்கியிருக்க முடியாது.

எங்கள் பந்தயத்தில் பெண்களும் உண்டு என்பதை எதிரணி மறந்துவிட்டது. 2022இல் மொராக்கோ போர்ச்சுகலை வெல்லும் என்று கட்டியவர் எங்கள் குழுவில் ஒரே ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியை. ஒரே கோலில் மொராக்கோ வென்று, உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு ஆனது. எங்களுக்கு அவர் விதித்த உணவு பூரணக் கொழுக்கட்டை. மாவைக் கொதிநீரில் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, விளிம்பு வெடிக்காமல் கிண்ணம் செய்து, பூரணம் வைத்து மூட வேண்டும். ஐந்து ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி நின்று செய்த கொழுக்கட்டைகளில் பாதி இட்லித் தட்டிலேயே வாய் பிளந்துகொண்டன. அம்மையார் நாற்காலியில் அமர்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மதிப்பெண் போட்டார். ஓட்டலில் இந்த இன்பத்தை எவ்வளவு கொடுத்து அவர் வாங்கியிருப்பார்?

2026 உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என மூன்று நாடுகளில், 48 அணிகள், 104 ஆட்டங்கள். நமக்கோ அவற்றில் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வருபவை. அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஓட்டலை எதிரணியினர் தேடட்டும். இடைவேளை 15 நிமிடம். ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் அதற்குள் உப்புமா இறங்கிவிடும். எங்கள் அணிக்கு அந்தக் கவலை இல்லை.

நடுவர் அவர்களே, ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன். இந்தப் பட்டிமன்றத்தில் தோற்ற அணி, வென்ற அணிக்கும் நடுவருக்கும் விருந்து வைக்க வேண்டும் என்பது விழாக் குழுவின் ஏற்பாடு. எதிரணி தோற்றால், அவர்கள் கொள்கைப்படி உங்களை ஓட்டலுக்கு அழைத்துப் போவார்கள். நாங்கள் தோற்றால், எங்கள் கொள்கைப்படி சங்கரா மீன் குழம்பு வைத்துப் போட வேண்டும். அதை வைக்கப் போகிறவர் முன்வரிசையில் இருக்கும் அதே பிரேசில் பக்தர்தான். இத்தனை நேரம் அந்தக் குழம்பைப் புகழ்ந்து பேசியதில் எங்கள் அணிக்கு இருக்கும் ஆபத்து இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. தீர்ப்புச் சொல்லும்வரை தாங்கள் பசியை மறந்திருக்க வேண்டும் என்று மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.