போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? ஊர் திரும்பும் முன் ஒரு பயணம்

[காட்சி: கோடு போட்ட நோட்டுத்தாள். பால்பாயிண்ட் பேனாவில் வரைந்த படம். குரல் மட்டும்.]

இது ஒரு வளவின் படம். வீடும் அதைச் சுற்றிய மனையும் சேர்ந்ததை யாழ்ப்பாணத்தில் வளவு என்பார்கள். நடுவில் வீடு. வலப்பக்கம் கிணறு. கிணற்றடியில் ஒரு தேசிமரம், அதாவது நம்ம எலுமிச்சை. பின்னால் ஏழு பனை. முன்னால் கதியால் வேலி, வேலியில் ஒரு படலை, அதாவது வாசல் கதவு. படலைக்கு வெளியே ஒழுங்கை, அதாவது சந்து. வரைந்தவர் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்குப் பகுதியிலிருந்து 1990-ல் கிளம்பியவர். இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் இருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி, போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அதே இடத்தைத் தேடிக் கொடுத்தாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எங்கும் பச்சை. கூரை எது, மரம் எது என்று தெரியவில்லை. "இது எங்கட வளவு இல்லைப் பிள்ளை" என்றார். பெரிதாக்கிக் காட்டினாலும் அதே பதில்தான். தன் வீட்டை வானத்திலிருந்து யார் பார்த்திருக்கிறார்கள்? அவருக்குத் தெரிந்தது படலையில் நின்று பார்க்கும் வீடு.

அந்தப் படலையில் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு, இங்கே திரும்பி வந்து, நிதானமாக யோசித்து, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வழி இருக்கிறதா? இந்த வீடியோ அதைப் பற்றியதுதான்.

[காட்சி: ஒழுகினசேரி சாலை, காலை நேரம். பள்ளிப் பிள்ளைகள்.]

உலகம் முழுக்க அகதிகளோடு வேலை செய்கிறவர்களிடம் இதற்கு ஒரு பழகிய முறை உண்டு. தமிழில் 'போய்ப் பார்த்து வருதல்' என்று சொல்லலாம். ஐ.நா.வின் அகதிகள் முகமை, நம் முகாம்களில் எல்லோரும் சொல்லும் யு.என்.எச்.சி.ஆர்., தாமாக ஊர் திரும்புவது பற்றி 1996-ல் ஒரு கையேடு வெளியிட்டது. அதில் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கல்யாணப் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்ணைக் கொடுக்கும் முன் நாலு பேர் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள். அடுப்பங்கரை எப்படி, தண்ணீர் எங்கே, அக்கம்பக்கம் எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்து, வீட்டுக்கு வந்து பேசுவார்கள். பார்த்ததாலேயே சம்பந்தம் முடிந்துவிடாது. சரிவராது என்று சொல்ல உரிமை உண்டு. அகதிகளின் பயணமும் அப்படித்தான். முகாமில் உள்ளவர்களே தங்களுக்குள் சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெண்களும் அதில் இருக்க வேண்டும். ஊருக்குப் போகிறார்கள், வீட்டையும் காணியையும் பார்க்கிறார்கள், ஏற்கெனவே திரும்பிக் குடியேறியவர்களிடம் பேசுகிறார்கள். பிறகு முகாமுக்கு வந்து எல்லோர் முன்னும் கண்டதைச் சொல்கிறார்கள். அதைக் கேட்டு ஒவ்வொரு குடும்பமும் தன் முடிவைத் தானே எடுக்கிறது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வழி இருக்கிறது: ஊரிலிருந்து அதிகாரிகளும் திரும்பிப் போனவர்களும் முகாமுக்கு வந்து நிலைமையை விளக்குவது. அது வந்து சொல்லுதல். ஆனால் அடுத்தவர் வாயால் கேட்பது எவ்வளவு நல்ல மனிதர் சொன்னாலும் பாதிதான்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஆணியில் தொங்குகிறது. போனவர் திரும்பி வரலாம் என்ற உறுதி. "போய்விட்டாய் அல்லவா, இனி நீ அகதி இல்லை" என்று இந்தப் பக்கமும், "வந்துவிட்டாய் அல்லவா, இனி போகாதே" என்று அந்தப் பக்கமும் சொல்லக் கூடாது. அந்த உறுதி இல்லாவிட்டால் அது பார்க்கிற பயணமாக இருக்காது, அனுப்பிவைப்பதாகிவிடும்.

[காட்சி: போஸ்னியாவின் வரைபடம்.]

இது எங்கே நடந்தது? போஸ்னியாவில் போர் முடிந்து 1995 டிசம்பரில் டேட்டன் உடன்படிக்கை கையெழுத்தானது. இடம்பெயர்ந்த ஒவ்வொருவரும் தன் சொந்த வீட்டுக்கே திரும்பலாம் என்று அதன் ஏழாவது இணைப்பு சொன்னது. காகிதத்தில் சரி. 1996-ல் சனங்கள் தங்கள் வீட்டைப் பார்க்கவும், உறவினர் கல்லறையில் கும்பிடவும், நாட்டுக்குள்ளேயே இரு பக்கத்தையும் பிரித்த எல்லைக்கோட்டைத் தாண்டிக் கிளம்பியபோது, பல இடங்களில் எதிர்ப்பக்கத்துக் கூட்டம் கல்லெறிந்து துரத்தியது. சொந்தக் காரில் போனாலும் ஆபத்து. நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். அதனால் யு.என்.எச்.சி.ஆர். அந்த எல்லையைத் தாண்டிப் போகும் பஸ்களை விட்டது. 1998-ல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான நம்பர் பிளேட் வந்தது. அதைப் பார்த்து எந்தப் பக்கத்து வண்டி என்று சொல்ல முடியாது. பெரிய பெரிய பேச்சுவார்த்தைகளைவிட இந்தத் தகடு மாற்றம்தான் சாதாரண மனிதரை ஊருக்குள் போக வைத்தது என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு பயணம் நமக்கு அருகில் நடந்தது. 2023 மே 5. வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமிலிருந்து, மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதிகள் 20 பேரை அதிகாரிகள் மியான்மரின் மவுங்டாவுக்கு அழைத்துப் போனார்கள். அவர்களுக்காகக் கட்டிய இடங்களைக் காட்டி, அன்றே திருப்பி அழைத்து வந்தார்கள். போனவர்கள் வந்து சொன்னது இதுதான்: அங்கே இருப்பதும் முகாம், எங்களுக்கு எங்கள் கிராமமும் குடியுரிமையும் வேண்டும். பயணம் தோற்றுவிட்டது என்று சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வேண்டாம் என்ற பதிலைத் தாங்கள் கண்ணால் கண்டதை வைத்து அவர்கள் சொன்னார்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பு உண்டு.

[காட்சி: கீரிப்பாறை. ரப்பர் மரங்கள், பட்டையில் சாய்வான வெட்டு, சிரட்டையில் சொட்டும் பால்.]

பார்க்காமலே அனுப்பப்பட்டவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ, இந்தியப் பிரதமர் சாஸ்திரி இருவரும் போட்ட ஒப்பந்தம் தெரிந்திருக்கும். இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு தலைநகரங்களும் ஆட்களைப் பங்கு போட்டன. பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். முன்பின் பார்க்காத ஊருக்குப் போவதைத் திரும்புவது என்று எப்படிச் சொல்வது? அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீரிப்பாறை பக்கத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய கை, விடிகிற முன் எழுந்து பால் வெட்டக் கற்றுக்கொண்டது. கப்பல் ஏறும் முன் அவர்களில் ஒரு நாலு பேரை அழைத்து வந்து இந்தக் காட்டையும் இந்த மழையையும் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

[காட்சி: முகாம் வாசல். முகங்கள் தெரியாமல்.]

இப்போது நம் முகாம்களுக்கு வருவோம். ஒழுகினசேரி, பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழகம் வந்தார்கள். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் நாற்பது வருடமாக இங்கேதான். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்றது, 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது, பழைய வீடுகளுக்குப் பதில் 7,469 புது வீடுகள் என்றது, குடும்பத் தலைவருக்கான மாத உதவியை 1,500 ரூபாயாக உயர்த்தியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக வரும் தண்டனைகளிலிருந்து விலக்கு தந்தது. இங்கே இருப்பதற்கான பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஆனால் போய்ப் பார்த்து வருவது? அதற்குத்தான் வழி இல்லை. முகாமிலிருந்து முறைப்படி கிளம்புகிறவர் வெளியேறும் அனுமதி வாங்கிப் போகிறார். அது ஒருவழிப் பாதை. முகாம் பதிவு போகும், வீடு போகும், உதவித்தொகை நிற்கும். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்து பழைய கதவைத் தட்ட முடியாது. அங்கே போய் இறங்குவதும் நிச்சயமில்லை. 2025-ல், யு.என்.எச்.சி.ஆர். உதவியோடு முறைப்படி யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் போய் இறங்கிய ஒரு முதியவரை, முன்பு அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்ற காரணத்துக்காகக் கைது செய்தார்கள். போர்க்காலத்தில் உயிர் தப்பி வள்ளத்தில் ஏறியவர் எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்குவார்? அந்தச் செய்தி முகாம்களுக்கு வந்த அன்று, போகலாம் என்று பெட்டி கட்டும் நினைப்பில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நம்பிக்கையை ஒரு கைது இப்படித்தான் தின்னும்.

வசதி என்று பார்த்தால் தூரம் ஒன்றுமே இல்லை. 2019 அக்டோபரில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் திறந்து சென்னைக்கு விமானம் ஓடுகிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சுற்றுலாப் பயணி காலையில் ஏறி மதியம் இறங்கலாம். அந்த அம்மாவின் வளவு காங்கேசன்துறைத் துறைமுகத்திலிருந்து ஆட்டோ தூரம். அந்தக் கப்பலில் ஒரு இருபது இருக்கையை, இரண்டு வாரத்துக்கு, திரும்பி வரும் எழுத்து உறுதியோடு முகாம் சனங்களுக்குத் தர இரண்டு அரசுகளும் பேசி முடிவு செய்ய முடியாதா? நான் கேட்பது அவ்வளவுதான்.

போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் காணி. அதில்தான் சிக்கல் அதிகம். வலிகாமம் வடக்கில் 1990 முதல் பெரும் பரப்பு, படையினர் வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், இன்னும் முழுவதும் விடவில்லை. யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே உள்ள வன்னியில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை 2012 செப்டம்பரில் மூடியபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்களின் காணியில் படையினர் இருந்தார்கள். அந்த மக்களைக் கொண்டுபோய்ச் சீனியாமோட்டை என்ற வேறு இடத்தில் விட்டார்கள். ஊர் திரும்பியவர் கணக்கில் சேர்ந்தார்கள், ஊருக்குப் போகவில்லை. இராணுவம் இல்லாத இடத்தில் வேறு யாராவது குடியிருக்கலாம். இலங்கைச் சட்டப்படி பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் அனுபவித்தவர் உரிமை கோரலாம். போரால் ஓடியவருக்கு அதிலிருந்து பாதுகாப்பு தர 2016-ல் தனிச் சட்டம் வந்தது, ஆனால் வழக்குப் போட அது கொடுத்த காலம் இரண்டே வருடம். இங்கே முகாமில் எத்தனை பேர் காதில் அது விழுந்தது? ஆகவே காணி உறுதியின், அதாவது பத்திரத்தின், நகலோடு பிரதேச செயலகத்துக்கும், கிராம அலுவலரிடமும் போக வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடிந்த காணிதானா என்று எழுத்தில் கேட்க வேண்டும். முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல வருடம் கழித்தும் அந்த வேலை நடந்தது.

எந்த மாதத்தில் பார்ப்பது என்பதும் முக்கியம். இதை நம் கடற்கரை ஆட்களுக்கு நான் விளக்க வேண்டாம். தை மாதத்தில் இனயம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வந்து பார்த்தால் பரந்த மணல், அழகான வீடு, உடனே வாங்கிவிடத் தோன்றும். ஆனி, ஆடியில் வந்தால் அதே வீட்டின் திண்ணையில் கடல் நிற்கும். வன்னியும் அப்படித்தான். மார்கழியில் குளம் தளும்பும்போது ஒரு ஊர், புரட்டாசி வெயிலில் வேறு ஊர். கோடையில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை பார்க்க விட வேண்டும்.

யார் போவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குடும்பத்தலைவர்கள் மட்டும் போய் காணியையும் கோயிலையும் பார்த்துக் கண்கலங்கி வந்தால் போதாது. இங்கே பிறந்தவர்கள் போக வேண்டும். அவர்களுக்கு அது திரும்புதலே இல்லை, புது நாடு. இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்று வாங்கினால்தான் அங்கே அடையாள அட்டையே எடுக்க முடியும். இந்தப் பதிவு வேலையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல வருடமாக உதவி வருகிறது. போகிற எண்ணம் இல்லாதவர்களும் அந்தப் பதிவைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது. எந்த நாட்டுக் காகிதமும் கையில் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்வது நல்லதில்லை.

[காட்சி: மறுபடி அதே நோட்டு. பக்கம் புரள்கிறது.]

வரைபடத்துக்குப் பின்பக்கம் இரண்டு பேரும் சேர்ந்து கேள்விகள் எழுதியிருக்கிறார்கள். என்றைக்காவது யாராவது போனால் கேட்டு வருவதற்கு. பேத்தியின் கையெழுத்தில் முதல் கேள்வி: "நாகர்கோவில்ல படிச்ச நர்சிங்க அங்க ஏத்துக்குவாங்களா?" அடுத்தது: "ராத்திரி டியூட்டி முடிஞ்சு தனியா வீட்டுக்கு வரலாமா?" அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதியது கீழே. எல்லைக்கல் இருக்கிறதா. ஏழு பனையில் எத்தனை நிற்கிறது. பக்கத்து வளவுக்காரர் வந்துவிட்டார்களா.

கடைசிக் கேள்விக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறது. சுன்னாகம் பக்கம் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தது என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். "எங்கட கிணத்தில ஒரு வாளி அள்ளி, குடிச்சுப் பாத்திட்டு வரச் சொல்லு."