விளக்கு ஏற்றினோம், சரி, அப்புறம்?

(2009-இல் இலங்கைப் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்த தமிழர்களுக்கான நினைவேந்தலையொட்டி சென்னையில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, உடம்பு முடியாத நிலையிலும் தாம்பரத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, வழக்கறிஞர் தோழர்களே, இடம் கிடைக்காமல் நாங்கள் அலைந்தபோது வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகிகளே, கும்மிடிப்பூண்டி, புழல் ஈழ அகதி முகாம்களிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மூன்று செய்திகள் பேச வந்தேன்: நினைவேந்தல் எதற்கு, போர்க்குற்றங்கள் பற்றிய பன்னாட்டு விசாரணை என்ன ஆயிற்று, முகாமில் இருப்பவர்கள் கதி என்ன.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். 2009-இல், பாதுகாப்பு வலயம் என்று இலங்கை அரசே அறிவித்த இடத்தில் குண்டு விழுந்தது. கடைசி மாதங்களில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011-இல் ஐ.நா. வல்லுநர் குழு எழுதியது. அந்தத் துயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்ற 2017 மே மாதம் மெரினாவுக்கு வந்தவர்களைக் கைது செய்தார்கள்.

முன்பு ஒரு நினைவேந்தலில் எங்கள் பிள்ளைகள் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினார்கள். நல்ல மனசோடுதான், தேங்காய்ப்பால் ஊற்றி, பயறு போட்டு, மேலே கொஞ்சம் முந்திரியும் தூவப் போனார்கள். முகாமிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் அகப்பையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அங்க சனம் குடிச்சது வெறும் அரிசித் தண்ணி. இதைப் பாயாசம் ஆக்காதேங்கோ" என்றார். அடுப்படியில் ஒரு சத்தமில்லை. புது அண்டா ஏற்றி, ஒரு பிடி அரிசி போட்டு, தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அவரே கிண்டினார். கிண்டிக்கொண்டே கேட்டார்: "செத்தவைக்கு விளக்குக் கொளுத்துறியள், நல்லது. உயிரோட இருக்கிற பிள்ளையளுக்கு ஒரு வழி செய்யமாட்டியளோ?" 1990-இல் படகேறி வந்தவர் அவர். பேரன் இங்கேயே பிறந்து பொறியியல் படித்தவன். பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை.

தலைவலியும் திருகுவலியும் என்றேனே, இதுதான் அது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் தாய், தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து இன்னும் இறுக்கினார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2021-இல் அகதிகள் முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், பணக்கொடையையும் உயர்த்தினார்கள். வரவேற்கிறேன். ஆனால் தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவின் கண்காணிப்பிலேயே ஒரு தலைமுறை வளர்ந்து, அதற்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

விசாரணையைப் பற்றி வழக்கறிஞர் தோழர் விரிவாகப் பேசுவார். என் கோரிக்கை ஒன்றுதான். முகாமில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தியக் குடியுரிமை கொடுங்கள். வாசலில் மனுவும் பேனாவும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுங்கள், உங்கள் தொகுதி எம்.பி.யின் வீட்டுக்கு எங்களோடு வாருங்கள். நன்றி, வணக்கம்.