ஏ லெவல் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு

வணக்கம். இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையை முடித்து, ஏ லெவலுக்கான கடைசி இரண்டு வருடப் படிப்பான சிக்ஸ்த் ஃபார்முக்குப் போகும் பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்காக இந்த வீடியோ. ஸ்கொட்லாந்தில் ஹையர்ஸ் என்று வேறு முறை இருக்கிறது. அதைப் பற்றி இதில் பேசவில்லை.

நான் 90களில் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எடுத்தவள். அப்போது எங்களிடம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: மாத்ஸா, பயோவா? இரண்டும் சரிவராது என்றால் கொமர்ஸ், பிறகு ஆர்ட்ஸ். ஒரு பிரிவுக்குள் போய்விட்டால் பாடங்கள் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ப்ளஸ் டூவில் 'எந்த குரூப்' என்று கேட்டு வளர்ந்திருப்பார்கள். அந்த நினைப்போடு இங்கே பிள்ளைக்குப் பாடம் தெரிவு செய்ய உட்கார்ந்தால் தொடக்கமே பிழைத்துவிடும். எனக்குப் பிழைத்தது. அதனால்தான் இதைப் பேசுகிறேன்.

(திரையில்: 12ஆம் ஆண்டு, 13ஆம் ஆண்டு. மூன்று பாடங்கள். கடைசியில் பரீட்சை.)

இங்கே பிரிவு என்று ஒன்றும் கிடையாது. ஒரு பிள்ளை மாத்ஸ், ஹிஸ்ட்ரி, கெமிஸ்ட்ரி என்று எடுக்கலாம். ஆர்ட், பயோலஜி, ஸைக்கோலஜி என்றும் எடுக்கலாம். பள்ளிக்கூட நேர அட்டவணையில் இடம் இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் கேட்கும் ஜிசிஎஸ்இ கிரேட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிசிஎஸ்இயில் 9 தான் மிக உயர்ந்தது, 4 என்றால் சாதாரண பாஸ் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாத்ஸ், சயன்ஸ் பாடங்களுக்குப் பல பள்ளிக்கூடங்கள் அந்தந்தப் பாடத்தில் 6, 7 என்று கேட்கின்றன. இங்கிலிஷிலோ மாத்ஸிலோ 4 வராவிட்டால், வேறு பாடங்களைப் படித்துக்கொண்டே அதையும் தொடர்ந்து படிக்க வேண்டும். அதற்கு நவம்பரிலேயே ஒரு மறுபரீட்சை இருக்கிறது.

முன்பு 12ஆம் ஆண்டு முடிவில் எழுதும் ஏஎஸ் பரீட்சை ஏ லெவலில் பாதியாகச் சேர்ந்தது. 2015இல் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு அப்படிச் சேர்வதில்லை. இரண்டு வருடம் படித்தது எல்லாமே 13ஆம் ஆண்டின் மே, ஜூன் மாதங்களில்தான் பரீட்சைக்கு வருகிறது. இங்கிலிஷ் லிட்ரேச்சர், ஹிஸ்ட்ரி, ஜியோகிரஃபி, கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற சிலவற்றில் மட்டும் ஒரு பங்கு பள்ளிக்கூடத்திலேயே செய்து கொடுக்கும் வேலைக்கு இருக்கிறது.

சரி, மூன்று பாடங்களை எப்படித் தெரிவு செய்வது? முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பிள்ளைக்கு எந்தத் துறையில் ஆசை என்று ஓரளவு தெரிந்தால், அந்தப் படிப்பைத் தரும் நான்கைந்து பல்கலைக்கழகங்களின் பக்கத்தைத் திறந்து, 'அனுமதித் தகைமை' (என்ட்ரி ரிக்வயர்மென்ட்ஸ்) என்ற பகுதியைப் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள். பல ஆச்சரியங்கள் அங்கே இருக்கும். சட்டம் படிக்க ஏ லெவலில் சட்டம் தேவையில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டப்படிப்புக்குப் பல இடங்களில் கட்டாயம் கேட்பது மாத்ஸ்தான். எஞ்சினியரிங் என்றால் மாத்ஸ், அதோடு பெரும்பாலும் ஃபிசிக்ஸ். மருத்துவத்துக்குப் பெரும்பாலான இடங்களில் கெமிஸ்ட்ரி வேண்டும், பல இடங்களில் பயோலஜியும் வேண்டும். மூன்றாவது பாடம் பல இடங்களில் எதுவாகவும் இருக்கலாம். அதை ஃபிசிக்ஸாக்கினால்தான் மதிப்பார்கள் என்று நம் ஆட்கள் சொல்வதை நம்பவேண்டாம். என்ன செய்வதென்று பிள்ளைக்கே தெரியவில்லையா? ரஸல் குழுமம் என்ற முன்னணிப் பல்கலைக்கழகங்களின் அமைப்பு நடத்தும் 'இன்ஃபோர்ம்ட் சாய்சஸ்' என்ற இணையத்தளத்தில் பாடங்களைப் போட்டுப் பார்த்தால், எந்தப் படிப்புகளுக்கு வழி இருக்கிறது, எது அடைபடுகிறது என்று காட்டும். இலவசம்.

நான்கு பாடம் எடுத்தால் நல்லது என்ற பேச்சும் நம் வீடுகளில் அடிக்கடி வரும். மாத்ஸோடு ஃபர்தர் மாத்ஸ் என்ற மேல்நிலைக் கணிதத்தையும் தனிப் பாடமாக எடுக்கும் பிள்ளைகள் நான்கு எடுப்பது சகஜம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று போதும். பல்கலைக்கழகம் கேட்பது மூன்று கிரேட்களைத்தான். நான்கில் பி எடுப்பதை விட மூன்றில் ஏ எடுப்பது எத்தனையோ மேல்.

ஏ லெவல் மட்டும்தான் வழி என்றும் இல்லை. பிடெக் (BTEC) என்ற தொழில்சார் படிப்பு இருக்கிறது. 2020இல் வந்த டி லெவல் (T Level) என்ற தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது, இது மூன்று ஏ லெவலுக்குச் சமம், குறைந்தது 315 மணி நேரம் ஒரு வேலையிடத்தில் பயிற்சியும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கும் அப்ரென்டிஸ்ஷிப்பில் சேர்ந்து சம்பளத்தோடு பட்டம் வரை போகிறவர்களும் இருக்கிறார்கள். நம் சனத்தில் இதைப் பற்றிப் பேசுவதே குறைவு, அது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் காசு விஷயம். பிள்ளைக்கு 16 வயது முடிந்தபின் சைல்ட் பெனிஃபிட் என்ற அரசு உதவிப் பணம் தானாகத் தொடராது. படிப்பைத் தொடர்கிறார் என்று நீங்கள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் ஆகஸ்ட் 31ஓடு நின்றுவிடும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மூத்த மகள் ஜிசிஎஸ்இ கெமிஸ்ட்ரியில் 8 எடுத்தவள். அதனால் கெமிஸ்ட்ரி எடுப்பது பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுப் பெட்டியைத் தேடி அவளுடைய பையைத் திறந்தேன். அடியில், நாலாக மடித்த தாள். மேல் மூலையில் சிவப்புப் பேனையால் 31 சதவீதம். தேதியைப் பார்த்தால் செப்டெம்பர் கடைசி. ஆறேழு வாரமாக அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இரவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"ஏன் பிள்ளை சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க சித்தியிட மகளைப் பற்றிக் கதைப்பீங்கள் அம்மா."

அது உண்மை. கதைத்திருப்பேன்.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். ஜிசிஎஸ்இயில் 8, 9 எடுத்த பிள்ளைக்கு ஏ லெவலின் முதல் டெஸ்டில் டியோ ஈயோ வருவது சாதாரணம். பாடத்தின் ஆழம் ஒரே கோடையில் அத்தனை மாறிவிடுகிறது. ஆனால் பாடத்தை மாற்ற விரும்பினால் பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் முதல் சில வாரங்களுக்குள் மாற்ற வேண்டும். அவளுக்கு ஜியோகிரஃபிக்கு மாற ஆசை இருந்திருக்கிறது. நான் தாளைக் கண்ட நாளில் அந்தக் கதவு மூடியாயிற்று.

அதற்குப் பிறகு ஒன்றொன்றாக எனக்குப் புரிந்தது. இந்த இரண்டு வருடத்தில் உதவி கிடைக்கும் இடங்கள் பலவற்றுக்கும் முன்கூட்டிய ஒரு கடைசி நாள் இருக்கிறது. மோசமான மார்க்கை வீட்டில் பயமில்லாமல் சொல்லக்கூடிய பிள்ளைக்குத்தான் அந்த நாளுக்கு முன் உதவி கிடைக்கிறது.

பரீட்சையில் கூடுதல் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பதில், எழுதுவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு வழக்கமாக 25 சதவீதம் வரை கூடுதல் நேரம் கிடைக்கலாம். அதற்குப் பள்ளிக்கூடத்தில் மதிப்பீடு செய்து, அனுமதி வாங்கி, பிள்ளை வகுப்பிலும் அப்படியே வேலை செய்து பழகியிருக்க வேண்டும். ஏப்ரலில் போய்க் கேட்டால் பிந்திவிடும். 'பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்று பேர் வந்துவிடும்' என்று இதை மறைக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். தயவுசெய்து மறைக்காதீர்கள். சான்றிதழில் அது எங்கேயும் வராது.

12ஆம் ஆண்டின் கோடைப் பரீட்சையும் அப்படித்தான். அது ஏ லெவலில் சேராது என்று பிள்ளைகள் அசட்டையாக இருப்பார்கள். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஆசிரியர்கள் முன்கூட்டியே கணித்துப் போடும் 'பிரெடிக்டட் கிரேட்' பெரும்பாலும் அந்த மார்க்கைப் பார்த்துத்தான் வருகிறது. அதைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் இடம் தருகிறது.

(திரையில்: யூகாஸ் நாட்காட்டி)

பல்கலைக்கழக விண்ணப்பங்கள் எல்லாம் யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகப் போகும். ஐந்து தெரிவுகள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்குக் கடைசி நாள் ஒக்டோபர் 15. மற்றப் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி. மருத்துவத்துக்கு ஐந்தில் நான்கு இடங்கள் மட்டும் போடலாம், அதற்கு முன் யூகேட் என்ற நுழைவுப் பரீட்சையை 12ஆம் ஆண்டு முடிந்த கோடையிலிருந்து செப்டெம்பருக்குள் எழுத வேண்டும். அந்தக் கோடையில் ஊருக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். தன்னைப் பற்றி எழுதும் பகுதி 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாக மாறியிருக்கிறது, மொத்தம் 4,000 எழுத்துக்குள். அதைப் பிள்ளைதான் எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் படிப்பு. மகளின் கெமிஸ்ட்ரி எனக்குப் புரியாது. நான் படித்ததும் தமிழில், அதுவும் கொமர்ஸ். ஆனாலும் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. அவள் கேள்வியை முன்பக்கமும் பதிலைப் பின்பக்கமும் எழுதிய சின்ன அட்டைகள். இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு உட்காருவேன். கேள்வியை வாசிப்பேன், அவள் பதில் சொல்லுவாள், அட்டையில் உள்ள சொற்கள் வருகின்றனவா என்று மட்டும் பார்ப்பேன். ஒரு நாள் "எனக்கு விளங்கேல்ல, திருப்பிச் சொல்லு" என்றேன். அவள் சொல்லிக்கொண்டே போய், பாதியில் நின்று, "பொறுங்கோ அம்மா, எனக்கே இது விளங்கேல்ல" என்று புத்தகத்தை எடுக்க ஓடினாள். இருபது நிமிடத்துக்கு மேல் நாங்கள் ஒரு நாளும் செய்ததில்லை. புத்தகத்தை மஞ்சள் மையால் தீட்டித் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுப்பதுதான் மனதில் நிற்கும்.

பரீட்சைக்கு முன்பு பழைய வினாத்தாள்கள். ஏக்யூஏ, எடெக்ஸெல், ஓசிஆர் என்று பரீட்சை வாரியங்கள் பல. பிள்ளையின் ஒவ்வொரு பாடமும் எந்த வாரியம் என்று கேட்டு எழுதி வையுங்கள். வாரியத்தின் தளத்தில் பாடத்திட்டம், பழைய தாள்கள், புள்ளி வழங்கும் முறை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். பரீட்சகர் அறிக்கை என்று ஒன்றும் இருக்கும், பிள்ளைகள் எங்கே புள்ளியை இழந்தார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். ரியூஷனுக்கு அனுப்பும் முன் அதை வாசிக்கச் சொல்லுங்கள். ரியூஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை மூன்று இடத்துக்கு ஓடும் பிள்ளைக்குத் தானாக உட்கார்ந்து படிக்க நேரம் எங்கே?

பரீட்சை நாட்களில் ஃபோனும் கைக்கடிகாரமும் மண்டபத்துக்குள் போகக்கூடாது. அணைத்த ஃபோன் சட்டைப் பையில் இருந்தாலே பரீட்சை ரத்தாகக்கூடும். காய்ச்சலோ, வீட்டில் ஒரு சாவோ நடந்தால், அன்றே பள்ளிக்கூடத்துப் பரீட்சை அலுவலருக்குச் சொல்லுங்கள். அதற்கு விசேட கவனிப்பு உண்டு, ஆனால் கூட்டித் தருவது ஆகக்கூடியது 5 சதவீதம். ஜூன் கடைசியில் அவசரத் தேவைக்கென்று ஒரு நாளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். எங்கேயாவது ஒரு பரீட்சை தடைப்பட்டால் அன்று நடக்கும். அந்த நாள் தாண்டும்வரை விமான டிக்கெட் வேண்டாம்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் போனால் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் சிக்ஸ்த் ஃபார்ம் பொறுப்பாளரோடும், குடும்ப டொக்டரான ஜிபியோடும் பேசுங்கள். உங்களிடம் பேச விரும்பாவிட்டால் பிள்ளைகளுக்கான தொலைபேசி உதவியான சைல்ட்லைன் இருக்கிறது: 0800 1111. இலவசம், 24 மணி நேரமும், 19 வயதுக்குள் யாரும் பேசலாம். அந்த எண்ணை எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் கழற்றவும் இல்லை.

ஏ லெவல் பெறுபேறு ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழக்கிழமை வரும். ஜிசிஎஸ்இ அடுத்த வியாழன். அந்த நாளில் பிள்ளை நாட்டில் இருக்க வேண்டும். ஏனென்றால் நினைத்த கிரேட் வராவிட்டால் மீதமிருக்கும் இடங்களை நிரப்பும் கிளியரிங் என்ற முறை வழியாக வேறு இடம் தேட வேண்டும். பல்கலைக்கழகம் பிள்ளையோடுதான் பேசும். யூகாஸ் விண்ணப்பத்தில் உங்கள் பெயரைக் கொடுத்து வைத்திருந்தால் ஒழிய உங்களோடு பேச மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் அன்று காலை ஊரிலிருந்து வரும் ஃபோன் எல்லாவற்றையும் என் கணவர் எடுப்பது என்று ஏற்பாடு. மகள் எட்டே காலுக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "பி, பி, சி அம்மா. கெமிஸ்ட்ரி சி. முதல் தெரிவு கிடைக்கேல்ல." அழவில்லை. நான் தேத்தண்ணி வைத்தேன். ஒன்பது மணிக்குள் சாப்பாட்டு மேசையில் லாப்டொப், யூகாஸ் எண், முந்தின வாரமே இருவரும் எழுதி வைத்த ஐந்து பல்கலைக்கழகங்களின் கிளியரிங் எண்கள். முதலாவது இடத்துக்கு ஃபோன் எடுத்து நாற்பது நிமிடம் வரிசையில் காத்திருந்தோம், இல்லை என்றார்கள். இரண்டாவதில் எடுத்தவர் அவளோடு உயிர்வேதியியல் பற்றி நிறையக் கேட்டார். அவள் பேசினாள். நான் பக்கத்தில் பேனையோடு இருந்தேன், அவர் சொல்லும் படிப்பின் பெயரையும், எத்தனை மணிக்குள் யூகாஸில் அதைச் சேர்க்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ள.