உடல் முதலில், சட்டம் அப்புறம்: ஓசெல்வர் படகு உருவாகும் விதம்

[காட்சி: பட்டறை. நடுவில் ஒரு அடிக்கட்டை மட்டும் கிடக்கிறது.]

நார்வேயில் பெர்கன் நகருக்குத் தெற்கே ஓஸ் என்றொரு ஊர். அங்கே கட்டப்படும் சின்னத் துடுப்புப் படகுக்கு ஓசெல்வர் என்று பெயர். நான்கு துடுப்புப் படகு சுமார் 5 மீட்டர் நீளம் இருக்கும். பக்கத்துக்கு மூன்றே பலகைகள்.

படகு கட்டுவது என்றால் முதலில் சட்டங்களை, அதாவது விலா எலும்பு மாதிரி உள்ளே தாங்கும் மரங்களை, நிறுத்தி, அதன் மேல் பலகை அடிப்பார்கள் என்றுதான் நம்மில் பலரும் நினைப்போம். இங்கே வரிசை தலைகீழ். பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து முழு உடலையும் எழுப்பிவிட்டு, அப்புறம்தான் உள்ளே சட்டம் வைக்கிறார்கள்.

பழைய பழக்கம் இது. 1880இல் நார்வேயின் கோக்ஸ்டாட் என்ற இடத்தில் ஒரு புதைமேட்டைத் தோண்டியபோது பெரிய வைக்கிங் கப்பலோடு மூன்று சிறு படகுகளும் கிடைத்தன. அவற்றில் மிகச் சிறியது ஆறரை மீட்டர். அதற்கும் பக்கத்துக்கு மூன்று பலகைதான்.

[காட்சி: முதல் பலகை. மேலும் கீழும் முட்டுக் கொம்புகள்.]

ஏராவின், அதாவது அந்த அடிக்கட்டையின், இரு முனைகளிலும் வளைந்த கட்டைகளைப் பொருத்துகிறார்கள். ஓசெல்வருக்கு முன்னும் கூர், பின்னும் கூர். அடுத்து முதல் பலகை. படகின் குணத்தைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது. ரொம்பப் படுத்தால் படகு ஆடாமல் நிற்கும், ஆனால் அலையில் அடி வாங்கும். ரொம்ப நிமிர்ந்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் தள்ளாடும்.

சாய்வைப் பார்க்கும் கருவி எளிமையானது: கோடுகள் குறித்த ஒரு சிறு பலகை, அதில் தொங்கும் தூக்குக்குண்டு. நூல் சரியான கோட்டில் வந்து நிற்கும்வரை, கூரை உத்தரத்திலிருந்து கொம்பு கொடுத்து அழுத்துகிறார்கள், கீழிருந்து முட்டுக் கொடுக்கிறார்கள். காகிதத்தில் வரைந்த படம் எதையும் தச்சர் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் அந்தக் கோடுகள்தான் வரைபடம்.

[காட்சி: இரண்டு பலகைகள் சேரும் இடம், நெருக்கத்தில்.]

அடுத்த பலகையின் கீழ் விளிம்பு, முந்தைய பலகையின் மேல் விளிம்பின் மீது வெளிப்பக்கமாக ஏறி உட்கார வேண்டும். அந்த இடத்தைச் சாய்வாக இழைத்து, தார் தோய்த்த கம்பளி நூலை வைத்து, ஆப்பு அடித்து இறுக்கும் மர இடுக்கிகளால் கவ்வுகிறார்கள். நம் ஊரில் பலகை சேர்த்த பிறகு சந்தில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள் இல்லையா? இங்கே அந்த வேலை பலகை சேரும்போதே முடிந்துவிடுகிறது.

துளை போட்டு ஆணியை வெளியிலிருந்து செலுத்துவார்கள். உள்ளே நீட்டும் முனையில் ஒரு சின்ன வாஷரை மாட்டி, மிச்சத்தை நறுக்கிவிட்டு, நுனியைத் தட்டிப் பரப்பினால் கெட்டியாகிவிடும். ஒருவர் உள்ளே தட்டும்போது இன்னொருவர் வெளியே ஆணித் தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். தனியாகவே கட்டுவேன் என்று கிளம்பியவரும் இந்தக் கட்டத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

[காட்சி: வளைந்த கிளைகளின் குவியல்.]

இனி உள்சட்டம். நேரான மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அங்கேயே முறியும். அதனால் இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடுகிறார்கள். துடுப்பைத் தாங்குவதும் இப்படி ஒரு கவைக் கட்டைதான், கூடவே ஒரு கயிற்று வளையம். இரும்புக் கொண்டி கிடையாது.

தச்சர்கள் குறைந்துகொண்டே வந்த நிலையில், 1997இல் ஓஸில் ஒரு பட்டறை தொடங்கி இளைஞர்களைப் பழக்கினார்கள். அந்த முயற்சியை 2016இல் யுனெஸ்கோ, மரபைக் காக்கும் நல்ல முறைகளின் பட்டியலில் சேர்த்தது.

[காட்சி: கரையோரம் கட்டிய படகு.]

புதுப் படகைத் தண்ணீரில் இறக்கியதும் ஒழுகினால் பயப்பட வேண்டாம். காய்ந்த பைன் பலகை ஊறி, சந்துகள் இறுகும்வரை கரையில் கட்டிப் போட்டு, உள்ளே சேரும் நீரை இறைத்துக்கொண்டிருங்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் காய்ந்து கிடந்த பழைய படகுக்கும் இதே வைத்தியம்தான், அதற்கு முன் பைன் தார் ஒரு பூச்சு.