விடலை என்றால் வசையா?

(மதுரையில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். விடலைப் பருவத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அறிவுரை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன்.

நம்ம பக்கம் 'விடலைப் பய' என்று எப்போது சொல்கிறோம்? பைக்கை முறுக்கிக்கொண்டு மாசி வீதியைச் சுற்றும்போது, சொல்பேச்சு கேட்காதபோது. பெரும்பாலும் திட்டத்தான்.

குறுந்தொகையில் 15ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. ஒரு பெண் தன் மனதுக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். தோழி மூலம் விஷயம் தெரிந்த செவிலித்தாய், பெற்றவளிடம் வந்து சொல்கிறாள். இன்றைக்கு அந்த வீட்டில் என்ன சத்தம் கிளம்பும்! செவிலி சொல்வதோ 'வெள்வேல் விடலையொடு தொகுவளை முன்கை மடந்தை நட்பே' என்று. காலில் கழல், கையில் வேல், அவன் விடலை. முன்கை நிறைய வளை, அவள் மடந்தை. நாலூர்க் கோசர் என்ற அந்தக் காலத்துக் கூட்டத்தாரின் வாக்கு பொய்க்காததுபோல இவர்கள் நட்பும் மெய்யாகிவிட்டதாம். பையனைப் பற்றி ஒரு வசை கிடையாது. பிரிவையும் இப்படிச் சேர்ந்து போவதையும் பாடும் பாலைத் திணையில், தலைவனுக்குக் காளை, மீளி என்பவற்றோடு விடலையும் கௌரவமான பெயர்தான்.

அப்புறம் வயதுக் கணக்கு. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் மடந்தைக்கு 14 முதல் 19 வரை. ஆண்களில் 16 வயதுக்காரன் காளை. அலங்காநல்லூர்க்காரர்களுக்கு வாடிவாசல் ஞாபகம் வரலாம், நான் சொல்வது பையனை! விடலையோ 30 வரை போகும். ஆக, நீங்கள் பெண் தேடிக்கொண்டிருக்கும் 28 வயது மகன்தான் விடலை. பத்தாம் வகுப்புப் பையன் இன்னும் அங்கே வந்து சேரவே இல்லை.

ஆங்கிலத்தில் 13 முதல் 19 வரை எண்கள் 'டீன்' என்று முடிவதால் டீன்ஏஜ். அதைப் பார்த்து நாம் 'பதின்பருவம்' என்கிறோம். ஆனால் நமக்குப் 'பதின்' பதினொன்றிலேயே வந்துவிடுகிறது, பத்தொன்பதில் காணாமல் போகிறது. கணக்கு இடிக்கிறதுதான். இருந்தாலும் ஆண், பெண் இருவருக்கும் ஒரே சொல், யாரும் அதை வைத்துத் திட்டவும் இல்லை. எழுதும்போது நான் அதைத்தான் எழுதுகிறேன்.

வீட்டில் யார் பதின்பருவம் என்று பேசுகிறோம்? 'வயசுப் பையன்', 'வயசுப் புள்ள', அவ்வளவுதான். எத்தனை வயசு என்று யாரும் கேட்பதும் இல்லை. சரி, உங்கள் வீட்டில் வேறு சொல் புழங்கினால் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.