ஆன்சி ஏரியும் அதன் கரையூரும்

வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே, ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஆன்சி என்றோர் ஊர் இருக்கிறது. சென்ற கோடையில் அங்கே நான்கு நாள் தங்கியிருந்தேன். கடல்மட்டத்துக்கு 446 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஏரியின் வடகோடியில் அந்த ஊர் அமைந்துள்ளது. படகுத்துறைப் பலகையில் நின்று குனிந்து பார்த்தபோது, ஆள் உயரத்துக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

மலைநீர் என்பதால் இந்தத் தெளிவு தானாக வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மை வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, கரையோர வீடுகளிலும் விடுதிகளிலும் இருந்து வெளியேறிய கழிவுநீர் நேரே ஏரியில்தான் கலந்தது. கழிவிலுள்ள சத்துகளை உண்டு பாசி பெருகும். அது மடிந்து அடியில் தங்கி அழுகும்போது ஆழ்நீரின் உயிர்வளியைத் தின்றுவிடும். அடிச்சரளையில் முட்டையிடும் குளிர்நீர் மீன்கள் அதனால் அருகிப்போகும். இந்த ஆபத்தை முதலில் உரக்கச் சொன்னவர் செர்வெத்தா என்ற மருத்துவர். அவருடைய எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தவர்களுள் முதன்மையானவர் அன்றைய நகரத் தலைவர் ஷார்ல் போசோன். 1957-இல் கரையோர ஊராட்சிகள் ஒரு கூட்டமைப்பாக இணைந்தன.

அவர்கள் எடுத்த முடிவை எண்ணி எண்ணி வியக்கிறேன். அந்தந்த ஊரிலேயே கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரியில் விட்டால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கரையைச் சுற்றிப் பெருங்குழாய் பதித்து, எல்லா ஊர்க் கழிவையும் திரட்டி, ஏரிநீர் வெளியேறும் பக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கே சுத்திகரித்து ஆற்றில் விட்டார்கள். ஆகவே சுத்திகரித்த கழிவுநீர்கூட ஏரிக்குள் வருவதில்லை. 1960-களில் தொடங்கிய அந்தப் பணி முடியப் பல ஆண்டுகள் பிடித்தன. மண்ணுக்குள் மறைந்துவிடும், யார் கண்ணுக்கும் படாத ஒரு குழாய்க்காகச் சிற்றூர் மக்களின் வரிப்பணத்தைக் கேட்டு வாங்குவதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

ஏரியின் உபரிநீர் மதகுகளைத் தாண்டி, தியூ என்னும் சிற்றாறாகப் பழைய நகரத்துக்குள் ஓடுகிறது. ஒருகாலத்தில் ஆலைகளின் சக்கரங்களைச் சுழற்றிய ஆறு அது. ஆற்றின் நடுவே, கப்பலின் முன்பகுதி போலக் கூர்ந்து நிற்கும் கற்கட்டடம் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. நீதிமன்றமாகவும் நாணயச் சாலையாகவும் நெடுங்காலம் சிறையாகவும் இருந்த அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. இரு கரைகளிலும், நம் ஊர்த் திண்ணைகளை நினைவூட்டும் வளைவுத் தாழ்வாரங்களின் நிழலில் கடைகள் இருக்கின்றன. 1860-இல் பிரான்சோடு இணையும் வரை இது சவாய் அரசர்களின் ஊர்.

நம் நேயர்கள் பலருக்கு இவ்வூரோடு அவர்கள் அறியாத ஓர் உறவு உண்டு. ஜெனீவா நகரம் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்டு) சபையைத் தழுவிய பிறகு, அதன் கத்தோலிக்க ஆயர்கள் ஆன்சியிலிருந்தே பணியாற்றினர். அவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் சலேசியார். இத்தாலியக் குருவான தொன் போஸ்கோ தம் துறவற சபைக்குச் சலேசியர் என்று பெயரிட்டது இவரை நினைத்துத்தான். நம் ஊர்களில் தொன் போஸ்கோ பள்ளிகளை நடத்தும் அந்தச் சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். குன்றின்மேலுள்ள பேராலயத்தில் பிரான்சிஸ் சலேசியாரின் திருவுடல் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டபோது, தொன் போஸ்கோ பள்ளியில் படித்த என் தம்பியின் நினைவு வந்தது.

கடைசி நாள் புறப்படும்போது, வழிக்குக் குடிநீர் எங்கே வாங்கலாம் என்று நான் தங்கியிருந்த வீட்டு அம்மையாரிடம் கேட்டேன். அவர் சமையலறைக் குழாயைத் திறந்து என் புட்டியை நிரப்பிக் கொடுத்தார். “ஏரித் தண்ணீர்தான், குடியுங்கள்” என்றார்.